ஏரிக்கரைக்கு எடுத்த பட்டு

யாராவது என்னிடம் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்றால் நான் உடனே எந்த நாள் என்று கேட்டுவிடுகிறேன். எதிரில் இருப்பவர்கள் முகம் ஒரு கணம் மாறிப்போகும். மரியாதை தெரியாதவள் என்று பெயர் எடுத்தாகிவிட்டது. நாற்பதை நெருங்கிவிட்டோம், இனிமேல் எடுக்கிற பெயரால் நமக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. என் வயதுக்காரர்களான உங்களுக்காவது இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவைக்கிறேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா. பேசி முடித்தாயிற்று, அவரவர் வேலையைப் பார்க்கலாம் என்பதைத்தான் "வீட்டுக்கு வாங்க" என்று சொல்வோம். பதிலுக்கு வருகிற "கண்டிப்பா வர்றோம்" என்பதற்கு, வரமாட்டோம், கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். நிஜமாக வருகிறவன் கண்டிப்பா என்று சொல்லமாட்டான். என் அம்மாவின் தம்பி இருந்தாரே, என் மாமா, அவரிடம் அம்மா "சாயந்தரம் வாடா" என்றால் அவர் கேட்கிற ஒரே கேள்வி "இன்னா கொழம்பு?" என்பதுதான். கருவாட்டுக் குழம்பு என்றால் வருவார். சாம்பார் என்றாலும் வருவார், திட்டிக்கொண்டே வருவார்.

அப்பாவும் மாமாவும் ஒரே கம்பெனி. ஒரகடம் போகிற சாலையில் கார்க் கதவுக்கான தகடுகளை அடித்துக் கொடுக்கிற கம்பெனி அது. அப்பா அங்கே லைன் லீடர், பெர்மனென்ட். மாமா கான்ட்ராக்ட்டில் பிரஸ் மெஷின் ஓட்டினார். அவரைச் சேர்த்துவிட்டதே அப்பாதான். அப்பா வாயில் "நம்ம கம்பெனி" என்றுதான் வரும். மாமா "உன் கம்பெனி" என்பார். நம் செட் பிள்ளைகள் எல்லோர் வீட்டிலும் இந்த இரண்டு வகை ஆளும் இருந்திருப்பார்கள். விடியலில் பிள்ளைப்பாக்கம் முனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஏறுவார்கள். அப்பாவின் சட்டையில் எண்ணெயும் இரும்பும் கலந்த ஒரு வாசனை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. எனக்கு அது பிடிக்கும். இப்போது எங்காவது மெக்கானிக் கடை வாசலில் அந்த வாசனை வந்தால் வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

கம்பெனியைப் பார்த்துக்கொள்ள இத்தாலியிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். வெயிலில் சிவந்துபோன கழுத்து, எப்போதும் மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. நல்ல மனிதர் என்று எல்லோருமே சொன்னார்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஒரு நாள் ஷிப்ட் முடிகிற நேரத்தில் அவர் அப்பாவின் வேலையைப் பாராட்டிக் கைகொடுத்திருக்கிறார். அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நம் ஆட்கள் சொல்கிற மாதிரியே, "சார், ஒன் டே கம் டு மை ஹவுஸ்" என்று சொல்லிவைத்தார். அந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி டைரியை எடுத்து, "எந்த ஞாயிற்றுக்கிழமை?" என்று கேட்டார்.

அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது பேய் அறைந்த மாதிரி இருந்தார். அம்மா அப்பாவைத் திட்டித் தீர்த்தாள். பிறகு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம்.

சார் சொன்ன ஞாயிறு வந்தார். சொன்ன நேரத்துக்கு வந்தார். மட்டன் குழம்பைக் கையால் பிசைந்து சாப்பிட்டார், மூக்கிலிருந்து நீர் வழிய வழிய ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். மாமா பனை ஏறி நுங்கு வெட்டிவந்து தோண்டிக் கொடுத்தார். சார் அதைப் பார்த்து, இதற்கு எங்கள் ஊரில் தனியாக டிக்கெட் போட்டு விற்பார்கள் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் கையில் கொடுத்தார். பெரிய ஏரி, நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர். கரையிலிருந்து ஏறும் மலைச்சரிவு முழுக்க வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி. நடுவே ஒரு மஞ்சள் வீடு. அதுதான் அவர் வீடு. அடுத்த கோடைக்கு நீங்கள் குடும்பத்தோடு அங்கே வர வேண்டும் என்றார்.

அப்பா தமிழில் சொன்னார். அம்மா தலையை நன்றாக ஆட்டி, "கண்டிப்பா வர்றோம்னு சொல்லுங்க" என்றாள். அம்மாவைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

அப்பாவுக்கு அது முடியவில்லை. சாரின் ஜீப் தெருமுனை திரும்பியதும் ஆரம்பித்தார். "வெள்ளக்காரன் நம்மள மாதிரி கெடயாது. வாய்க்கு வந்தத சொல்லிட்டுப் போறவன் இல்ல. நானு சும்மாதான் வாங்கன்னேன். வந்தாரா இல்லியா?"

"வந்தாரு," என்றாள் அம்மா.

"அப்ப அவரு கூப்ட்டா நம்ம போவணுமா இல்லியா?"

எனக்கு இன்றுவரை இதில் எங்கே ஓட்டை என்று சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு சரியாக யோசித்துத்தான் அப்பா அவ்வளவு தப்பாகப் போனார்.

அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. மே மாதம் கம்பெனிக்கு ஷட்டவுன் லீவு வரும், எங்களுக்கும் முழுப் பரீட்சை முடிந்திருக்கும். டிக்கெட்டுக்குக் கம்பெனியில் லோன் போடுவதாக ஏற்பாடு. அப்பா பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் ஏரியை வரைந்து, காலையில் படகு, மதியம் சார் வீட்டில் சாப்பாடு, சாயந்தரம் மலை ஏறித் திராட்சைத் தோட்டம் என்று அம்புக்குறி போட்டு வைத்திருந்தார்.

அம்மாவுக்கு அந்த மலைதான் உறுத்தியது. "அம்மாம் திராட்சைய வச்சிகினு இன்னா பண்றாங்களாம்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"ஒயின் போடறாங்க," என்றார் அப்பா, யோசிக்காமல்.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அவளுடைய அப்பா குடித்தே செத்தவர். அவளுக்கு ஒயின் என்றால் சாலையோரத்தில் கம்பி வலை போட்ட ஒயின் ஷாப்தான். "புள்ளைங்கள இட்டுகினு ஒயின் ஷாப்பு இருக்கற ஊருக்கா போவணும்ன்ற?"

"ஷாப்பு இல்லடி, தோட்டம்."

"தோட்டம் முச்சூடும் அதானா?"

பல நாள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். குடும்பம் ஏரிக்கரையோடு நின்றுகொள்ளும், அப்பா மட்டும் மரியாதைக்கு ஒரு தடவை மலை ஏறிவிட்டு வருவார். அந்த அம்புக்குறியை அப்பா ரப்பர் போட்டு அழித்தார். மாமாவுக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. "ஏரி பாக்க இத்தாலி போவணுமா மாமா? நம்மூர்லயே ஏரி கீதே," என்று அப்பாவைச் சீண்டுவார். அடுத்த வாய்ச் சோற்றை உருட்டிக்கொண்டே, "ஆனா நம்ம ஏரில தண்ணி எங்க கீது, அதுவும் கரெக்ட்டுதான்," என்று அவரே முடித்துவைப்பார்.

எவ்வளவு பொருள் சேர்ந்தது தெரியுமா. சக்கரம் வைத்த நீலப் பெட்டி. நாலு ஸ்வெட்டர். என் தம்பி தன் ஸ்வெட்டரைப் பங்குனி வெயிலில் போட்டுக்கொண்டு தெருவில் சுற்றி, உடம்பு முழுக்க வேர்க்குரு வாங்கினான். ஶ்ரீபெரும்புதூர் ஸ்டூடியோவில் காது தெரிய முடியை ஒதுக்கி எடுத்த போட்டோக்கள். நாலு பாஸ்போர்ட்டுகள், அவற்றின் புது அட்டை வாசனை. முள்கரண்டியால் இட்லி சாப்பிடச் சொல்லி அப்பா எங்களைப் பழக்கினார். நான் நன்றாகத் தேறினேன். தம்பி கரண்டியால் கன்னத்தைக் கிழித்துக்கொண்டான்.

பட்டுப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போனோம். கடைக்காரர் எதை எதையோ விரித்துப் போட்டார். அம்மா ஒன்றன்மேல் கை வைத்து, எடுக்காமல் நின்றாள். கரு ஊதா உடல், மெல்லிய ஜரிகைக் கரை. "திராட்சை கலரும்மா, உங்களுக்கு எடுப்பா இருக்கும்," என்றார் கடைக்காரர். அப்பாவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "திராட்சத் தோட்டத்துல நின்னு போட்டோ எடுத்தா எப்டி இருக்கும்," என்றார்.

"தோட்டத்துல நிக்கமாட்டேன்," என்றாள் அம்மா. "ஏரிக்கரைல நிக்கறேன்."

அவளுக்கும் ஆசை வந்துவிட்டது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவளை இப்போது நினைத்தாலும் அந்தக் கடையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறவளாகத்தான் நினைக்கிறேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் எதற்காவது ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

சார் அந்த மாதங்களில் லைன் பக்கம் வரும்போதெல்லாம் அப்பாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி "லேக்!" என்பாராம். அப்பா அதை வீட்டில் வந்து செய்துகாட்டுவார். நாங்களும் ஒருவருக்கொருவர் கட்டைவிரலைக் காட்டி லேக் லேக் என்று திரிந்தோம்.

பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் மாமாவுக்குப் பக்கத்து மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்த ஆளின் விரல்கள் போய்விட்டன. பிரஸ் மெஷினில் சென்சார் என்று ஒன்று உண்டு. கை உள்ளே போனால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். அடிக்கடி நின்றால் உருப்படி குறைகிறது என்று அதை ஆஃப் செய்துவிட்டு ஓட்டவைத்திருக்கிறார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் சாயந்தரம் அப்பாவைப் பார்த்துப் பேசுவதற்காக மாமா மட்டும் கம்பெனியை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"மாமா, நீ வந்து உக்காந்தா பெர்மனென்ட் ஆளுங்க எல்லாம் பின்னாலயே வந்துருவாங்க. அது கூட வேணாம். சென்சார ஆஃப் பண்ணிட்டு ஓட்ட சொன்னாங்கன்னு உனக்குத் தெரியும். அத மட்டும் வந்து சொல்லு."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "நம்ம வூட்ல கை நனச்ச மனுசன்டா. அவரு மூஞ்சில எப்டிடா முழிக்கறது?"

"நான் இந்த வூட்ல நனைக்காத நாளு எது?"

அப்பா கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "மே மாசம் போறோம்ல. அதுவரிக்கும் பொறுத்துக்கோ. அங்க ஏரிக்கரைல அவரு பக்கத்துல உக்காந்து நானே சொல்றேன். இங்க ஆளுங்க முன்னால சொன்னா அவருக்கு அவமானமா இருக்கும். தனியா சொன்னா கேப்பாரு. சென்சாரு, உங்க பெர்மனென்ட்டு, எல்லாத்தயும் பேசி முடிச்சிட்டு வர்றேன்."

இதைத்தான் நான் பிற்பாடு திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அப்பா ஊர் சுற்றும் ஆசைக்காக மச்சானைக் கைவிட்டார் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அப்படி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கோபப்பட்டுவிட்டுப் போய்விடலாம். அவர் நிஜமாகவே அந்த ஏரிக்கரையில் நியாயம் கிடைக்கும் என்று நம்பினார். அவர் மனசுக்குள் அந்தப் பேச்சு ஏற்கனவே நடந்து, சார் தலையை ஆட்டிச் சம்மதித்தும் ஆகியிருந்தது.

"சாப்ட்டுப் போடா, கருவாட்டுக் கொழம்பு," என்றாள் அம்மா.

"வேணாங்க்கா. வயிறு ஒரு மாதிரி கீது."

மறுநாள் அப்பா உள்ளே போய் லைனை ஓட்டினார். ஆபீஸ் ட்ரெயினிகளைப் பிரஸ்ஸில் நிறுத்தி, உட்கார்ந்திருந்தவர்களின் கண் எதிரிலேயே ஓட்டினார். சென்சார் ஆனில் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. லைன் ஓடுகிறது என்று தெரிந்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எழுந்தவர்களில் பேச்சு வளர்த்தவர்களுக்கு அடுத்த வாரம் கேட்டில் கார்டு பஞ்ச் ஆகவில்லை, வேலை போயிற்று. மாமாவுக்கும்தான். விடியலில் முனையில் வந்து நின்ற பஸ்ஸில் அதற்குப் பிறகு அப்பா மட்டும் ஏறினார்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் சாருக்கு மாற்றல் வந்தது. கேன்டீனில் கேக் வெட்டினார்கள். அப்பா கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து, போய்க் கேட்டிருக்கிறார், மே மாதம் எந்தத் தேதிக்கு வரலாம் சார் என்று. சாருக்கு ஒரு கணம் புரியவில்லையாம். பிறகு அப்பாவின் தோளைத் தட்டி, "எனி டைம், மை ஃப்ரெண்ட், எனி டைம்," என்றார். தன் ஊர்ச் சரக்கு என்று ஒரு பாட்டிலையும் கையில் கொடுத்தார்.

அப்பா அதைச் சாப்பாட்டுப் பையில் மறைத்துக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனி டைம்னா இன்னா?"

"எப்ப வேணா வாங்கன்னு."

அம்மா கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். "விலாசம் குடுத்தாரா?"

அப்பா எங்களைப் பார்த்தார். நான் ஓடிப்போய் என் புத்தகத்துக்குள் இருந்த போட்டோவை எடுத்துவந்து திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பாஸ்போர்ட்டு, பெட்டி, ஸ்வெட்டர், பட்டு எல்லாம் வைத்திருந்த எங்களிடம் போக வேண்டிய வீட்டின் விலாசம் இல்லை. அம்மா அன்றைக்கே நீலப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றினாள். பாட்டிலிலிருந்ததைச் சாக்கடையில் ஊற்றிக் கழுவி, ஒரு மணி பிளான்ட்டை வைத்தாள். அது நன்றாக வளர்ந்து ஜன்னல் கம்பியெல்லாம் சுற்றிக்கொண்டது. போட்டோ எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நான் தேடவில்லை.

அந்த லீவில்தான் நான் பெரியவளானேன். பின்கட்டில் ஒரு மூலையில், தனித் தட்டு தனி டம்ளரோடு உட்காரவைத்திருந்தார்கள். தண்ணி ஊத்துகிற சடங்குக்கு நாள் குறித்தாயிற்று. நமக்கெல்லாம் அந்தச் சடங்கில் தாய்மாமன்தானே முதல். மாமன் எடுத்துவந்த சேலையைக் கட்டிக்கொண்டு, மாமன் போடுகிற மாலையோடுதான் மணையில் உட்கார வேண்டும். மாமா அப்போது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரகடத்துக்கு ஷிப்ட்டுக்குப் போகிறவர்களைத்தான் ஏற்றிக்கொண்டு போவார். எங்கள் வீட்டுப் பக்கம் வருவதே இல்லை.

அப்பா தாம்பூலத் தட்டோடு ஸ்டேஷனுக்கே போனார். மாமா வராமல் போய்விடுவாரோ என்று நான் மூலையில் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தேன். இத்தாலி போகாதது எனக்கு அத்தனை வலிக்கவில்லை. இது வலித்தது. மதியம் அப்பா திரும்பி வந்தபோது அவர் குரலே மாறியிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு தெளிந்திருந்தது.

"வர்றேன்னுட்டான். நான்தான் பயந்துகினு போனேன். ஆட்டோல இருந்து எறங்கி வந்து தட்ட ரெண்டு கையால வாங்கினான். டீ வாங்கிக் குடுத்தான்."

அம்மா உரலில் அரைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "இன்னா சொன்னான்? அப்டியே சொல்லு."

"'கண்டிப்பா வர்றேன் மாமா'ன்னான்."

"இன்னா கொழம்புன்னு கேட்டானா?"

"அதெல்லாம் கேக்கல. மரியாதையா பேசினான்."

அம்மா கையைக் கழுவிக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து நீலப் பெட்டியை இறக்கினாள். ஸ்வெட்டர்களுக்கு அடியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்தாள். மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. அதை ஒரு முறை நீவிப் பார்த்துவிட்டு, சீர்த்தட்டில் வைத்து, மேலே பூவும் மஞ்சளும் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும்.

சடங்கன்று நல்ல நேரம் கடந்துகொண்டிருந்தது. பெண்கள் அவசரப்படுத்தினார்கள். அம்மா என்னை அந்தப் புடவையால் சுற்றினாள். மாலையை ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் போட்டார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் முந்தானையைத் தூக்கிப் பார்த்து, "மாமன் எடுத்ததா? சோக்கான கலரு," என்றாள்.

"ஆமா," என்றாள் அம்மா. "என் தம்பி எடுத்தது."

மணையில் உட்கார்ந்த இடத்திலிருந்து எனக்குத் தெரு தெரிந்தது. அப்பா புதுவேட்டியோடு பஸ் நிற்கிற முனையில் நின்றிருந்தார். ஒவ்வொரு ஆட்டோவுக்கும் ரெண்டு எட்டு முன்னால் வந்து, அது தாண்டிப் போனதும் திரும்ப நின்ற இடத்துக்கே போனார். பந்தி ஆரம்பித்துவிட்டது. அம்மா வாசலுக்குப் போய், உள்ளே வந்து நாலு பேரைக் கவனி என்று கூப்பிட்டாள். அவர் தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இரு, வந்துருவான். வெள்ளக்காரனா அவன், சும்மா சொல்லிட்டுப் போறதுக்கு? நம்ம ஆளு. கண்டிப்பா வர்றேன்னு சொல்லிகீறான்."